பிரெஞ்சு எழுதுமேசை

பிரெஞ்சு மொழியில் மேசையைக் குறிக்கும் ‘பியூரோ’ என்ற சொல், முதலில் பலகை மேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. அந்த எளிய பலகை, 18ஆம் நூற்றாண்டில் பூட்டும் ரகசிய இழுப்பறையும் பொன்முலாம் பூசிய வெண்கலமும் கொண்ட கலைப்பொருளாகிவிட்டது. அதற்குப் பெரிய காரணம், பிரான்சின் மேல்தட்டினரைப் பிடித்திருந்த கடித மோகம்.

மதாம் த செவிஞ்ஞே (1626–1696) தொலைவில் வாழ்ந்த மகளுக்கு எழுதிய கடிதங்கள் 1725 முதல் அச்சேறி, நல்ல உரைநடைக்கு முன்மாதிரியாயின. 1760இல் பாரிஸ் நகருக்குள்ளேயே கடிதம் கொண்டுசேர்க்கும் அஞ்சல் தொடங்கியது. ரூசோவின் ‘ஜூலி’ (1761), லக்லோவின் ‘ஆபத்தான உறவுகள்’ (1782) ஆகிய நாவல்கள் முழுக்கக் கடிதங்களாலானவை.

அன்று உறை அரிது. பெரும்பாலும் தாளையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். அரசு ஆட்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் ‘கருப்பு அறை’யும் இயங்கிவந்தது. வீட்டில் வேலையாட்களின் கண்ணும் உண்டு. ஆகவே மேசைக்குப் பூட்டு இன்றியமையாததாயிற்று. அலமாரி போல நிற்கும் ‘செக்ரெத்தேர்’ வகையில், முன்பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே எழுதும் தளம். நிமிர்த்திப் பூட்டினால் எல்லாம் உள்ளே மறையும். பெண்களுக்கான சிறிய, மெல்லிய கால்களுடைய ‘பொன்னேர் து ழூர்’ 1760களில் புகழ்பெற்றது.

இவற்றில் தலைசிறந்தது பதினைந்தாம் லூயி மன்னரின் மேசை. ஜெர்மனியில் பிறந்த ழான்-பிரான்சுவா எபென் 1760இல் இதைத் தொடங்கி, முடியுமுன் 1763இல் இறந்தார். அவர் பட்டறையில் பணிபுரிந்த, அதே நாட்டவரான ழான்-ஆன்ரி ரீஸ்னெர், எபெனின் விதவை மனைவியை மணந்து பட்டறையையும் ஏற்று, 1769இல் பணியை முடித்தார். செலவு, அன்றைய பிரெஞ்சு நாணயமான லிவ்ரில், 62,000க்கு மேல். பல நிற மரத்தகடுகளைப் பதித்து வரைந்த மலர்கள், இருபுறமும் நேரம் காட்டும் கடிகாரம் என அழகு நிறைந்தது. ஆயினும் இதன் உண்மையான மேன்மை சாவியில்தான். ஒரே சாவியைச் சற்றுத் திருப்பினால் உருளை வடிவ மூடியும் இழுப்பறைகளும் விடுபடும். பணியாள் மை நிரப்பப் பக்கவாட்டில் தனிச் சிற்றறைகள் உண்டு. மன்னரின் தாள்கள் பணியாளின் கைக்கு எட்டா.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இம்மேசையிலிருந்த அரச சின்னங்கள் அகற்றப்பட்டன. மேசை இன்று வெர்சாய் அரண்மனையில், மன்னரின் அந்தரங்க அறையில் இருக்கிறது.