212-ஆம் எண் தீயணைப்பு நிலையம்
நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். சிக்கனம் என்று கோப்பு நகர்ந்தால், முதலில் கைவைப்பது எதிர்த்துக் கேட்க ஆளில்லாத தெருவில்தான். 1975-இல் நியூயார்க் கஜானா காலியானபோதும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில், தொழிலாளர் குடியிருப்பின் நடுவே இருந்த 212-ஆம் எண் நிலையத்தை மூட நவம்பரில் ஆள் வந்தது. ஜனங்கள் திரண்டு மறித்து, தீயணைப்பு வண்டியை வெளியே விடவில்லை. உள்ளேயே முறைபோட்டுப் படுத்தார்கள். ‘மக்கள் தீயணைப்பு நிலையம்’ என்று பெயரும் வைத்தாயிற்று. ஒட்டி ஒட்டி நிற்கும் மரவீடுகளில் நெருப்பு எவ்வளவு சீக்கிரம் தாவும் என்பது எங்களைப் போன்ற கணக்கர்களுக்கா தெரியும்? ஓராண்டுக்கும் மேல் போராடித் திறக்கவைத்தார்கள்.

அதே நெருக்கடியில், 1847 முதல் இலவசமாக இருந்த நியூயார்க் நகரக் கல்லூரிப் படிப்புக்கு 1976-இல் கட்டணம் வந்தது. அதைத் தடுக்க முடியவில்லை. 2003-இல் மறுபடி பற்றாக்குறை. புளூம்பெர்க் மேயராக இருந்தபோது மூடிய ஆறு நிலையங்களில் 212-ம் ஒன்று.