மரண வீதமும் மலையகமும்

இலங்கையின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்து, மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆக வீழ்ச்சியுற்றது. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை ஒழித்தமையே இதற்குத் தலையாய காரணம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. பொருளியலாளர் பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூல் அக்கருத்துக்குப் புள்ளிவிபர ஆதாரம் தேடிற்று. அதனை மறுத்தோருள் முக்கியமானவர் இலங்கை ஆய்வாளர் எஸ். ஏ. மீகம. உணவு நிலையையும் மருத்துவ சேவையின் விரிவையும் புறக்கணித்து மரண வீழ்ச்சியை விளக்கவியலாது என்பது 1967இல் அவர் முன்வைத்த வாதமாகும்.

இவ்விவாதத்தைப் பதுளையிலிருந்து நோக்குவோமாயின் அதன் உட்பொருள் தெளிவாகும். ஊவாவின் தாழ்நிலமான பிபிலை, மொனராகலைப் பகுதிகளை மலேரியா வாட்டியது. அப்புத்தளை, பண்டாரவளை முதலிய உயர்நிலத் தோட்டங்களிலோ கொளுக்கிப்புழுவும் வயிற்றோட்டமும் இரத்தச்சோகையுமே பெரும் பகைகள். வெறுங்காலுடன் வேலை, மலசலகூடமற்ற லயம், போதாத கூலி ஆகியவற்றில் வேர்கொண்ட இந்நோய்களை மருந்து தெளித்துப் போக்கவியலாது. 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவுடன் தோட்டங்களில் தொடங்கிய கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இதனை உணர்த்திற்று. மருந்து புழுவை வெளியேற்றியது. மலசலகூடம் கட்டப்படாத இடங்களில் அது மீண்டும் தொற்றியது. அதனைக் கட்டும் செலவோ துரைமாரின் இலாபக் கணக்குடன் மோதிற்று.

இம்மோதல் தற்செயலானதன்று. 1872ஆம், 1912ஆம் ஆண்டுகளின் மருத்துவத் தேவைச் சட்டங்கள் தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்ட நிர்வாகத்துடன் பிணைத்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. நாட்டு மக்களுக்கு இலவச மருத்துவம் விரிந்த காலத்தில், தோட்டம் அதன் விளிம்பிலேயே நின்றது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. இடையில் 1974இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்டத்துறையின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. சொந்த நிலமற்று, பங்கீட்டு உணவையும் நாட்கூலியையுமே நம்பிய வர்க்கத்தின் நிலை இது.

மீகம 1980இல் சிசு, குழந்தை மரணங்களை ஆராய்ந்தபோது, தோட்டத்துறை நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பின்தங்கியிருந்தமை புலனாயிற்று. குடியேற்றவாத கால அரசையும் நோயையும் பற்றிய அவரது விரிவான நூல் 2012இல் வெளிவந்தது. டி.டி.ரி. பற்றிய கேள்வியில் தொடங்கிய ஆய்வுப் பயணம் அரசு பற்றிய கேள்விக்கு வந்து சேர்ந்தமை கருதற்பாலது.

சமூகநல அரசின் சாதனைக்குச் சான்றாக இலங்கையின் சராசரிகள் இன்றும் காட்டப்படுகின்றன. அச்சாதனையை நாம் மறுக்கவில்லை. ஆயின் அந்நலச் செலவுக்கான வருவாயில் பெரும் பங்கைத் தேயிலையே ஈட்டித்தந்தது. அத்தேயிலையைக் கொய்தவளின் குழந்தைக்கே அதன் பயன் கடைசியாகச் சென்றடைந்தது. இவ்வுண்மையைச் சராசரி மறைக்கிறது. வர்க்க நோக்கில் அதனைப் பிரித்துக் காட்டுவதே ஆய்வாளரின் கடன்.