மூன்று தாள்கள்: கடல் கடந்த கடைகளின் வரலாறு



நம் ஜமாஅத்தில் சபராளி இல்லாத குடும்பம் அரிது. பாட்டனார் காலத்தில் ‘சபர்’ என்றால் பினாங்கு, ரங்கூன், சிங்கப்பூர். இன்று துபை, ரியாத், குவைத். ஊரின் பெயர்தான் மாறியதேயன்றி, போனவர்களுள் பலர் செய்த தொழில் மாறவில்லை. மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, துணிக் கடை, நாணய மாற்றுக் கடை என ஏதேனும் ஒரு சிறு கடையே நம்மவரின் பிழைப்பாக இருந்து வந்துள்ளது. அக்கடைகள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு வீழ்ந்தன என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்பது, இன்று கடல் கடந்து கடை வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்குப் பயன் தரும் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கடை பிறந்த விதம்

சோழமண்டலக் கரையிலிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் கப்பலோட்டி வணிகம் செய்தது ஆங்கிலேயர் வருகைக்கு முற்பட்ட வரலாறு. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, நம்மவர் உடனே அங்குக் குடியேறினர். சோழியர் எனப் பொருள்படும் ‘சூலியா’ என்ற பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கரையிலிருந்து வந்து, வணிகமும் கூலி வேலையும் செய்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர் என்றும், அவர்கள் இடத்திற்கு வேறு சிலர் வருகின்றனர் என்றும் லைட் 1794இல் குறித்துள்ளார். போவதும் வருவதுமான நம் சபர் வாழ்க்கைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று இது.

சென்ற இடமெல்லாம் கடையை அடுத்துப் பள்ளியும் எழுந்தது. பினாங்கில் காதர் முகைதீன் தலைமையில் 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உருவாயிற்று. சிங்கப்பூரில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளி தோன்றியது. 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டப்பட்டது.

முதல் இல்லாதவரும் முதலாளி ஆகலாம் என்பதே அக்காலச் சிறுகடையின் சிறப்பு. பினாங்கில் தோளில் காவுதடி சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றவர்களின் உணவே இன்று ‘நாசி கண்டார்’ எனப் புகழ்பெற்றுள்ளது. சுமந்து விற்றவர் பின்னர் ஐந்தடிப்பாதை ஓரத்தில் பலகை போட்டார். அதன்பின் கடை பிடித்தார். ஊரிலிருந்து மைத்துனனை அழைத்தார். மைத்துனன் தன் தம்பியை அழைத்தான். பகலில் கடையாக இருந்த இடமே இரவில் படுக்கை அறை. சமையல் ஒன்று, சாப்பாடு ஒன்று. சிப்பந்தியின் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வராது. முதலாளியின் பேரேட்டில் ஏறிக்கொண்டே போய், மூன்றாண்டு கழித்து ஊர் திரும்பும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். வாடிக்கையாளரின் கடனோ, மலாயா முழுதும் அறியப்பட்ட ‘555’ எண் அச்சிட்ட சிறு கையேட்டில் ஏறும்; சம்பள நாளில் தீரும். மொத்த வியாபாரி சரக்கைக் கடனாகத் தந்தார். கடைக்காரர் அதைக் கடனாக விற்றார். இவை அனைத்தையும் தாங்கி நின்ற தூண் நாணயம் ஒன்றே.

இத்தகைய கடைகளின் வரலாற்றை ஆராய்ந்தால், அவற்றின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மூன்று தாள்களைச் சுற்றியே நிகழ்ந்திருப்பதைக் காண்கிறோம். ஒன்று பணத்தாள், மற்றொன்று அனுமதித்தாள், மூன்றாவது கணக்குத்தாள்.

பணத்தாள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழை மரம் இருந்தமையால் மக்கள் அதை ‘வாழை நோட்டு’ என்றனர். மூன்றரை ஆண்டுகள் அந்நோட்டை வாங்கித்தான் கடை நடத்த வேண்டியிருந்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெற்றுக் காகிதமாயிற்று. கல்லாப்பெட்டி நிறையப் பணம் இருந்தும் ஒரு படி அரிசி வாங்க இயலாத நிலை ஏற்பட்டது.

போர் இல்லாத காலத்திலும் பணத்தாள் ஏற்றியும் இறக்கியும் விளையாடியது. 1966 ஜூனில் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன்பு நூறு மலேசிய வெள்ளி அனுப்பினால் அரசு மதிப்பின்படி ஏறத்தாழ 155 ரூபாய். அதன்பின் ஏறத்தாழ 245 ரூபாய். கடையில் ஒரு காசு கூடுதலாக விற்காமலே சபராளியின் வீட்டில் வருமானம் உயர்ந்தது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1967 ஜூனில் மலேசியாவும் சிங்கப்பூரும் புதிய நாணயங்களை வெளியிட்டன. பழைய நோட்டுகளும் உடன் புழங்கின. அவை இங்கிலாந்துப் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், நவம்பரில் பவுனின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது பழைய ஒரு வெள்ளி 85 காசாயிற்று. வங்கியை நாடாமல் பெட்டியில் பழைய நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த சிறு வணிகரும் தொழிலாளருமே மிகுதியும் பாதிக்கப்பட்டனர். இதனை எதிர்த்துப் பினாங்கில் அம்மாத இறுதியில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்களையும் பலிகொண்டது.

அனுமதித்தாள்

பணத்தாளைவிடக் கொடிய அடியை அனுமதித்தாள் தந்தது. இதற்கு ரங்கூனே சான்று. 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். நம்மவர் கடைகள் அங்குத் தெருத்தெருவாக இருந்தன. 1938இல் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இலட்சக்கணக்கானோர் கடையையும் வீட்டையும் விட்டுக் காட்டு வழியே நடந்து இந்தியா வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்ததும் பலர் மீண்டும் சென்று இடிந்த இடத்திலேயே கடை திறந்தனர். அந்த மன உறுதியை என்னென்பது!

ஆயினும் 1962இல் நே வின் தலைமையில் இராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. கடையும் போயிற்று, கைப்பணமும் போயிற்று. இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறினர். அவ்வாறு வந்தவர்கள் சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகே நடைபாதையில் வைத்த கடைகளே பர்மா பஜார் ஆயின. கடையைப் பறிக்க முடிந்த அரசால் கடை நடத்தும் அறிவைப் பறிக்க முடியவில்லை என்பதற்கு அந்த வீதியே சாட்சி.

மலேசியாவில் இவ்வளவு கடுமை நேரவில்லை. எனினும் 1953இன் குடிநுழைவுச் சட்டம் புதிதாக ஆள் அழைப்பதைச் சுருக்கியது. 1969 முதல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டியதாயிற்று. தக்க தருணத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர் கடை நிலைத்தது. ‘ஊருக்குத்தானே போகப் போகிறோம்’ என்றிருந்தவர் கடை கைமாறியது.

வளைகுடாவிலும் இதே கதைதான். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் நாடு திரும்பினர். பல்லாண்டு உழைப்பில் உருவான கடைகளைப் பூட்டிய பூட்டோடு விட்டு வந்தோர் அவர்களுள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் கம்பெனியின் 51 சதவீதப் பங்கு உள்ளூர்க் குடிமகன் பெயரில் இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் அது தளர்த்தப்பட்டு, வெளிநாட்டவர் முழு உரிமையும் பெற வழி பிறந்துள்ளது. சவூதியில் 2016இல் கைப்பேசிக் கடைகளில் சவூதியர் மட்டுமே பணிபுரியலாம் என்றாயிற்று. பிறர் பெயரில் உரிமம் வாங்கி மறைமுகமாகக் கடை நடத்துவதற்கு எதிரான 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கிறது. ‘எல்லோரும் அப்படித்தானே நடத்துகிறார்கள்’ என்ற பேச்சு இனி எவரையும் காப்பாற்றாது.

கணக்குத்தாள்

மேற்சொன்ன இரண்டு தாள்களும் அரசாங்கங்களின் கையில் உள்ளவை. மூன்றாவது தாள் ஒன்றுதான் நம் கையில் உள்ளது. வருந்தத்தக்க உண்மை யாதெனில், நாம் மிகுதியும் அலட்சியம் செய்தது அதையே.

எமது குடும்பத்திலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். எம் பெரிய வாப்பா ஈப்போவில் மளிகைக் கடை நடத்தியவர். பங்காளிகள் இருவர்; எழுத்து எதுவும் கிடையாது. ஒருநாள் கடையிலேயே நெஞ்சுவலி கண்டு வஃபாத்தானார். மையித்தை அங்கேயே அடக்கினர். நாற்பது நாள் கழியுமுன் ஊரில் கடன்காரர்கள் வாசலுக்கு வந்தனர். கேட்டவர்க்கெல்லாம் பெரியம்மா மறுப்புரைக்கவில்லை. ‘மவுத்தானவர் கடனோடு கிடக்கக் கூடாது’ என்று கழுத்து நகையையும் ஒரு மனைக்கட்டையும் விற்றுக் கொடுத்தார். ஈராண்டு கழித்து, ஊர் வந்த ஒருவர் பெரிய வாப்பாவின் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நான்கு 555 கையேடுகள் இருந்தன. ஊரில் கேட்டவர்களுள் இருவருக்கு அவர் முன்பே கடனைத் தீர்த்திருந்தார் என்பதும், பங்காளிகளிடமிருந்து அவருக்கு வரவேண்டியது பெருந்தொகை என்பதும் அதில் தெரிந்தன. அதற்குள் கடை வேறொருவர் பெயருக்கு மாறிவிட்டது. கேட்கவும் வழியில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. கணக்கு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதாகும். பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது நம்மவர் வழக்கம். நம்பிக்கை உள்ள காலத்தில்தான் மனக்கசப்பின்றி எழுத இயலும் என்பதே உண்மை. நாணயத்தால் எழுந்த கடைகள் எழுத்தில்லாமையால் வீழ்ந்தன. அத்தோடு உறவுகளும் வீழ்ந்தன.

ஆகவே நிர்வாகக் குழுவின் பார்வைக்கும் ஜமாஅத்தாரின் பார்வைக்கும் சிலவற்றைப் பணிவுடன் வைக்கிறோம். கூட்டுக் கடை தொடங்குவோர், யார் போட்ட முதல் எவ்வளவு, யார் உழைப்புக்கு எவ்வளவு, இலாபமும் நட்டமும் எவ்விதம் என்பதை இரு சாட்சிகளோடு எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுக்கொருமுறை, ரமலானில் ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் வேளையிலேயே, கடையின் பற்று வரவையும் எழுதி ஒரு படியை வீட்டிற்கு அனுப்பட்டும். மனைவிக்கோ வளர்ந்த மக்களுக்கோ அது தெரிந்திருக்கட்டும். விரும்புவோரின் ஒப்பந்தப் படிகளை முத்திரையிட்ட உறையில் ஜமாஅத் அலுவலகம் அமானிதமாகப் பாதுகாக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஒரு பூட்டுள்ள அலமாரியும் ஒரு பதிவேடும் போதும்.

நோட்டு செல்லாமல் போகலாம், உரிமம் பறிபோகலாம். அவற்றை நாம் தடுக்க இயலாது. ஆனால் நாம் எழுதாமல் விட்ட ஒரு வரியால் ஒரு விதவை தன் நகையை விற்கும் நிலையை நிச்சயம் தடுக்கலாம். வல்ல நாயன் நம் சபராளிகளின் வியாபாரத்தில் பரக்கத்தையும், கணக்கில் நேர்மையையும், குடும்பங்களில் அமைதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.