எறிகிற எடைக்கு ஏற்ற கோல்

ஆங்கிலத்தில் 'அல்ட்ராலைட்' தூண்டில் கோல் என்று ஒரு வகை உண்டு. கேட்டவுடன் கோல் லேசாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'லான்சே அல்ட்ரா லெஜே' என்கிறார்கள். லான்சே என்றால் எறிதல். நம்மூரில் என்னோடு பிரெஞ்சில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பெயரில் கோல் என்ற பேச்சே இல்லை. எறிகிற பொருள் மிக லேசானது என்பதுதான் அதன் பொருள். சரியான பெயர் அதுதான் என்பது என் கட்சி. இந்த வகைக் கோல் எப்படிப் பிறந்தது என்ற கதை தெரிந்தால் நீங்களும் என் பக்கம் வருவீர்கள்.

ஊசுடு ஏரிக்கரையில் நாம் பார்த்து வளர்ந்த தூண்டிலில் எறிதல் கிடையாது. ஒரு மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் மண்புழு. கழி எட்டும் தூரம்தான் எல்லை. ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான் இருந்தது. கழியைவிட அதிக தூரம் போக வேண்டுமென்றால் நூலைச் சுற்றி வைக்க உருளை வேண்டும். உருளை வந்தது; கூடவே ஒரு சங்கடமும் வந்தது. எறியும்போது பறந்து போகிற இரைதான் அந்த உருளையை இழுத்துச் சுழற்ற வேண்டும். கனமான ஈயமும் பெரிய பொய் இரையும் சுழற்றிவிடும். இரண்டு கிராம் துண்டு சுழற்றுமா? காலடியிலேயே விழும். ஆகவே கனமான இரை, அதைத் தாங்கத் தடித்த நூல், அதை வீச முரட்டுக் கோல். கைநீளமே உள்ள மீனுக்கு இவ்வளவு சாமான்.

முதலில் இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து பீட்டர் மல்லாக். எறியும் நேரத்தில் மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ரீல் ஒன்றுக்கு 1884-ல் காப்புரிமை வாங்கினார். முழுத் தீர்வைக் கொடுத்தவர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905-ல். இவர் பிராட்ஃபோர்டில் ஆலை நடத்திய குடும்பத்துக்காரர். ரோடியர் மில்லிலோ வீட்டுத் தறியிலோ வேலை பார்த்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நாடாவுக்குள் இருக்கும் தார் சுழல்வதில்லை. அது அசையாமல் கிடக்க, நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு வருகிறது. இல்லிங்வொர்த்தின் ரீலும் அதே கதைதான். உருளை நிற்கும், நரம்பு மட்டும் கழன்று ஓடும். சுழற்ற வேண்டிய பாரம் இல்லாததால் சின்ன இரைகூடப் பறந்தது. ஒரு நெசவு ஊர்க்காரர் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனாலும் நூல் சரியில்லை. பட்டு நூல் நனைந்தால் கனக்கும், காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். நுனியில் கட்டுவதற்கு, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை உருவி இழுத்துச் செய்த நரம்பு, ஸ்பெயினின் மூர்சியாப் பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி நைலானை 1938-ல் உலகுக்கு அறிவித்தது. முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிராக, பிறகு பெண்களின் காலுறையாக, தூண்டில் நரம்பாக. நம் கடைகளில் தங்கூசி என்று கேட்டு வாங்கினோமே, அதுவே.

அதே 1938-ல் பிரான்சில் ஆந்த்ரே மெல்னார் என்ற பொறியாளர் ஒரு சின்னச் சுழல் தகட்டை உருவாக்கினார். தண்ணீரில் இழுத்தால் தகடு கம்பியைச் சுற்றிச் சுழன்று மின்னும். சின்ன மீன் ஓடுகிறது என்று டிரௌட் ஏமாந்து பாயும். பிரெஞ்சில் இந்த மாதிரி இரைக்குக் 'குயியேர்', அதாவது கரண்டி என்றே பெயர். மெல்னாரின் கம்பெனி மெப்ஸ். நல்ல ரீலும் பிரான்சிலிருந்தே வந்தது. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன குளூஸ் என்ற ஊரில் கார்ப்பானோ எ போன்ஸ் நிறுவனம் 1940-களின் இறுதியில் மிட்செல் ரீலைச் செய்யத் தொடங்கியது. கடிகாரப் பல்சக்கரம் வெட்டிய கைகள், கேட்பானேன்!

அமெரிக்காவுக்கு இந்தச் சுழல் தகடு போன விதம் வேடிக்கையானது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆண்டிகோ என்ற சிற்றூர். அங்கே சாமான் கடை வைத்திருந்த டாட் ஷெல்டனுக்கு, போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் பிரான்சில் கிடைத்த மெப்ஸ் ஒன்றைக் கொடுத்திருந்தார். 1951-ல் ஒரு நாள் வுல்ஃப் ஆற்றில் வேறு எதற்கும் மீன் அசையாதபோது ஷெல்டன் அதைக் கட்டி எறிந்தார். இரண்டு மணி நேரத்தில் நாலு டிரௌட், மொத்தம் 12 பவுண்டு. பிறகு பிரான்சிலிருந்த ஒரு பெண்மணிக்கு நைலான் காலுறைகளை அனுப்பிப் பதிலுக்குத் தகடுகளை வரவழைத்தாராம். ஒரு பெண்மணிக்கு எத்தனை காலுறைதான் தேவைப்படும்? பண்டமாற்று நின்றது, வியாபாரம் தொடங்கியது. கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது.

இரை, நரம்பு, ரீல் மூன்றும் சிறுத்துவிட்டன. அதன் பிறகுதான் கோல் சிறுக்க முடிந்தது. கதையின் உயிர்நாடி இந்த வரிசைதான். முதலில் வந்தது பிளவு மூங்கில். மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, முக்கோணமாகச் சீவி, ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டுவது. மூங்கிலுக்குப் பெயர் தோன்கேன் மூங்கில். நம் ஊரிலிருந்து எத்தனை பேர் பட்டாளத்திலும் உத்தியோகத்திலும் அந்தத் தேசங்களுக்குப் போனார்கள்! ஆனால் அந்த மூங்கில் விளைவது தோன்கேனில் அல்ல, சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில். இதை வைத்து லுவார் நதிக்கரையில் அம்புவாஸ் ஊரின் பெசோன் எ மிஷேல் கம்பெனி அருமையான கோல்கள் செய்தது. அவர்களுக்கு வடிவம் சொல்லிக் கொடுத்தவர் ஷார்ல் ரிட்ஸ், பாரிஸ் ரிட்ஸ் ஓட்டலை நிறுவியவரின் மகன். நுனி மட்டும் வளையாமல் பிடிவரைக்கும் கோல் முழுவதும் வளைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் செய்வித்தவை பெரும்பாலும் இறகு ஈ கட்டும் கோல்கள். கொள்கை எல்லாக் கோலுக்கும் பொருந்தும்.

1950-ன் கடைசியில் அமெரிக்கா சீனாவுடனான வியாபாரத்தைத் தடை செய்ததும் மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல் அதற்குச் சற்று முன்பே வந்திருந்தது, இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1970-களில் கார்பன் வந்தது.

என் மகள் வயிற்றுப் பேரன் விஸ்கான்சினில்தான் இருக்கிறான், பன்னிரண்டு வயது. அவனுக்குக் கோல் வாங்க வேண்டும். மாப்பிள்ளை, "கொஞ்சம் பலமானதாகவே வாங்கலாம் மாமா, பையன் உடைத்துவிடுவான்" என்றார். நான் விடவில்லை. அவர்கள் வீட்டருகே உள்ள குளத்து மீன்களுக்குப் பேன்ஃபிஷ் என்று பொதுப்பெயர்: புளூகில், கிராப்பி போன்றவை. வறுக்கும் சட்டிக்குள் முழுசாக அடங்குவதால் அந்தப் பெயர். நம் ஜிலேபிக் கெண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். புளூகிலுக்கு வாய் மிகச் சிறியது. அதற்குள் போகிற இரை ஒரு கிராம், ஒன்றரை கிராம். பலமான கோல் அந்த எடைக்கு வளையவே வளையாது. வளையாத கோல் எறியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த இரைக்குக் கட்டுவது இரண்டு முதல் நாலு பவுண்டு தாங்கும் நரம்பு. டிரௌட் திடீரென்று திமிறும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது கோல். கோல் விறைத்து நின்றால் நரம்பு அறும். பையனுக்கு நஷ்டம் ஒரு தகடு. மீனோ வாயில் முள்ளோடு போகிறது. மாப்பிள்ளை சொன்ன பலம் அந்த மீன் தலையில்தான் விடிகிறது.

ஆகவே கடையில் முதலில் கோலைத் தூக்கிப் பார்க்காதீர்கள், பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரை எடை ஒரு கிராமிலிருந்து ஐந்து, மிஞ்சினால் ஏழு கிராம். அமெரிக்கக் கணக்கில் அவுன்ஸில் 32-ல் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை. நரம்பு இரண்டு முதல் ஆறு பவுண்டு. பிறகு நீளம். மரம் கவிந்த குறுகிய ஓடையில் டிரௌட்டுக்கு நிற்பவருக்கு ஐந்து அடி, ஐந்தரை அடி போதும், கிளையில் மாட்டாது. திறந்த குளத்தில் தக்கை கட்டிப் பேன்ஃபிஷ் பிடிக்க ஆறரை, ஏழு அடி சௌகரியம். இரண்டுக்கும் ஒன்றே வேண்டுமென்றால் ஆறடி. பேரனுக்கு அதைத்தான் சொன்னேன், கண்ணாடி இழையில். கார்பன் இன்னும் லேசு, மீன் தொடுவது கையில் உடனே தெரியும். ஆனால் ஒரு கல்லில் தட்டினாலும் பின்னால் ஒடியலாம். கண்ணாடி இழை மெதுவாக, அடிவரை வளையும். ரிட்ஸுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லேசான கோலைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். மெல்லிய நரம்பில் மீனை வெகுநேரம் விளையாட்டுக் காட்டி இழுத்தால் அது களைத்துப்போகும். டிரௌட் குளிர்ந்த நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே மூச்சுக்குத் திணறும். அந்த நிலையில் பத்து நிமிடம் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அதனால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் டிரௌட் ஓடைக்குப் போகாதே, குளத்தோடு நிறுத்திக்கொள் என்று பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன். புளூகில் வெந்நீருக்கு அஞ்சாது. ரீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்குவது என்று கேட்டான். நாலு பவுண்டு நரம்புக்கு ஒரு பவுண்டு இழுப்பிலேயே நழுவ ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுப் போ என்றேன்.