மருந்தியக்கவியல்: சென்னையில் ஒரு வரலாறு

மருந்தியக்கவியல் என்பது, விழுங்கிய மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எங்கெல்லாம் பரவுகிறது, எப்படிச் சிதைகிறது, எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்பதை அளந்து சொல்லும் துறை. 1937-ல் ஸ்வீடனின் டோர்ஸ்டன் தியோரெல் இதற்குக் கணித அடித்தளம் இட்டார். 1953-ல் ஜெர்மன் குழந்தை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ஹார்ட்முட் டோஸ்ட் பெயர் சூட்டினார். மருந்துத் துறைக்கு வருபவர்கள் இதைப் பெரும்பாலும் வரைபடங்களிலும் சமன்பாடுகளிலும் கற்கிறார்கள். சென்னையின் காசநோயாளிகளிடமிருந்து கற்றால் ஆழமாகப் பதியும்.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சானடோரியப் படுக்கை இல்லாமல், வீட்டிலிருந்தபடியே குணமாக முடியும் என்று 1959-ல் காட்டி உலகப் புகழ் பெற்றது இந்த மையம். அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோன இன்னொரு சாதனை ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தைப் பற்றியது.

ஒரு கிலோ எடைக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஐசோனியசிட்டைச் சிலருக்கு ஒரே வேளையாகவும், வேறு சிலருக்கு இரண்டாகப் பிரித்தும் கொடுத்தார்கள். மொத்த அளவு ஒன்றே. ஆனால் ஒரே வேளையாக உண்டவர்களே மேலாகத் தேறினார்கள். நாள் முழுக்க மருந்து ரத்தத்தில் நீடிப்பதைவிட, அது எட்டும் உச்ச அளவே முக்கியம் என்பது தெளிந்தது. அதற்கு விலையும் இருந்தது: உச்சம் உயர்ந்தவர்களிடம் கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் கூடின. வைட்டமின் பி6 சிறு அளவில் சேர்த்து அதைத் தடுத்தார்கள்.

அந்த நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் யாரைத் தாக்கியது? ஐசோனியசிட்டைக் கல்லீரல் நொதி அசெட்டைலேற்றம் செய்து செயலிழக்கச் செய்கிறது. இந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று மையத்தின் ஆய்வகம் அளந்தது. தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவாகச் சிதைப்பவர்கள். ஜப்பானியரில் இவர்கள் சுமார் 10 விழுக்காடுதான். பாதிப்பு முக்கியமாக இந்த மெதுவான வகையினருக்கே வந்தது.

அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், என்ற கருத்தின் பலம் இங்கே புரியும். வேகமாகச் சிதைப்பவரிடம் அரைவாழ்வு ஒன்றரை மணி நேரம், மற்றவரிடம் மூன்று என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் முன்னவரிடம் மிஞ்சுவது 256-ல் ஒரு பங்கு. பின்னவரிடம் 16-ல் ஒரு பங்கு. வாரம் இருமுறை மருந்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை என்று இடைவெளி நீண்டதும், வேகமாகச் சிதைப்பவர்கள் பின்தங்கினார்கள். அவர்களுக்காகவே மெல்லக் கரையும் ஐசோனியசிட் வடிவங்கள் ஆராயப்பட்டன. சிறுநீரிலிருந்தே வகையைக் கண்டறியும் எளிய சோதனையும் உருவானது.

சேத்துப்பட்டில் இயங்கும் அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எச்ஐவி தொற்றுள்ள காசநோயாளிகளின் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் என்ற மற்றொரு காசநோய் மருந்து போதிய அளவு ஏறுகிறதா என்றும் அங்கே அளந்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தின் அளவை வயது, ஊட்டச்சத்து நிலை, ஐசோனியசிட்டைச் சிதைக்கும் வகை ஆகிய மூன்றுமே மாற்றுகின்றன என்று பின்னர் அங்கிருந்தே ஆய்வு வெளிவந்தது.