தாவும் மரபணுக்களும் தாயின் கருப்பையும்

கருப்பையில் வளரும் சிசுவுக்கு உணவையும் உயிர்க்காற்றையும் கொண்டு சேர்ப்பது நச்சுக்கொடி. அதன் ஓரத்தில், தாயின் குருதியைத் தொட்டு நிற்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. பல உயிரணுக்கள் தம் இடைச்சுவர்களை இழந்து, ஒன்றோடொன்று கலந்து, ஒரே பரப்பாக ஆனதால் உண்டான படலம் அது. அவ்வாறு கலக்கச் செய்யும் புரதத்திற்குரிய மரபணு, தொடக்கத்தில் நம்முடையதே அன்று. நம் முன்னோரைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுச் சென்ற சொத்து அது. இதனை அறிவியலாளர் கண்டறிந்தது 2000ஆம் ஆண்டில்தான். ஆனால் அதற்கு இட்டுச் சென்ற கதை, அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னும் ஆய்வுக்கூடம் உள்ளது. 1940களில் அங்கே பணியாற்றிய பார்பரா மெக்கிளின்டாக் அம்மையார், மக்காச்சோள மணிகளில் காணப்படும் ஊதாப் புள்ளிகளை ஆராய்ந்தார். நிறம் தரும் மரபணுவின் நடுவே வேறொரு துண்டு வந்து அமர்ந்துகொண்டால் மணி வெளிறிப் போகும். மணி வளர்கையில் சில உயிரணுக்களில் அத்துண்டு எழுந்து அகன்றால், அவ்விடத்தில் மட்டும் நிறம் திரும்பிப் புள்ளியாகத் தெரியும். மரபணுக்கள் நூலில் கோத்த மணிகளைப்போல் அசையாதிருப்பவை என்று நம்பிய காலம் அது. அவர் தம் முடிவுகளை 1950இல் கட்டுரையாக வெளியிட்டார். மறு ஆண்டு ஒரு கருத்தரங்கிலும் விளக்கினார். நோபல் பரிசு கிடைத்தது 1983இல், அவருடைய 81ஆம் வயதில்.

உலகமே அவரைப் புறக்கணித்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு உருக்கமாக இருப்பினும் அது முழு உண்மை அன்று. 1944ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. மக்காச்சோளத்தில் துண்டுகள் இடம்பெயர்வதைப் பலர் ஒப்புக்கொண்டனர். மற்ற மரபணுக்கள் எப்போது இயங்க வேண்டும் என்பதை அத்துண்டுகளே ஆள்கின்றன என்று அவர் கூறியதைத்தான் ஏற்கத் தயங்கினர்.

பாலூட்டிகளின் பக்கம் வருவோம். 1972இல் அறிஞர் சுசுமு ஓனோ, நம் மரபுத்தொகுதியில் பயனற்ற பகுதிகள் மிகுந்திருப்பதைக் குறிக்கக் 'குப்பை' என்ற சொல்லைக் கையாண்டார். 1980இல் பிரான்சிஸ் கிரிக் உள்ளிட்ட சிலர், தாவும் துண்டுகள் தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும் தன்னலக்காரர்கள், அவ்வளவே என்று வாதிட்டனர். அவ்வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. 2001இல் மனித மரபுத்தொகுதியின் வரைவு வெளியானபோது, ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய துண்டுகளிலிருந்து வந்தது எனத் தெரிந்தது. புரதங்களுக்குரிய பகுதியோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு! 'ஆலு' என்னும் சுமார் 300 எழுத்து நீளமுள்ள துண்டு மட்டும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட படிகளாகப் பரவிக் கிடக்கிறது.

மக்காச்சோளத்தில் மெக்கிளின்டாக் கண்டது வெட்டி ஒட்டும் வகை. பாலூட்டிகளில் மிகுந்திருப்பது படியெடுத்து ஒட்டும் வகை. மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் ஆர்.என்.ஏ. படி மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்பட்டு வேறிடத்தில் நுழைகிறது. எழுதக்கூடாத பக்கத்தில் எழுதினால் கேடுதான். 1988இல் ஹெய்க் கசாசியன் குழுவினர், குருதி உறையாமை நோயுற்ற 240 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் இருவரின் மரபணுவுக்குள் 'எல்-1' என்ற துண்டு புகுந்திருந்தது. பெற்றோரிடம் அது அவ்விடத்தில் இல்லை. தாவுதல் மனிதனிடம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு அதுவே முதற்சான்று.

ரெட்ரோவைரஸ்களும் இவ்வாறே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கி நம் உயிரணுவில் செருகுபவை. விந்தணுவிலோ முட்டையிலோ செருகிவிட்டால் வழிவழியாக வந்துகொண்டே இருக்கும். நம் மரபுத்தொகுதியில் 8 விழுக்காடு இத்தகைய பழைய வரவுகள். பெரும்பாலானவை சிதைந்து செயலற்றுப் போயின; அவற்றையெல்லாம் பயனுள்ளவை என்று கொண்டாடுவதும் தவறே.

சிதையாது நின்ற ஒன்றுதான் நான் முதலில் குறிப்பிட்டது. வைரஸ், உயிரணுவின் சவ்வோடு கலந்து உள்ளே நுழைய அதன் உறையில் ஒரு புரதம் தேவை. சவ்வுகளைக் கலக்கும் அதே ஆற்றலை நச்சுக்கொடி தனதாக்கிக்கொண்டது. அப்புரதத்திற்குச் 'சின்சிடின்' என்று பெயரிட்டனர். எலியிலும் இவ்வாறான மரபணுக்கள் இரண்டு உண்டு. பிரான்சில் தியரி ஹெய்ட்மன் குழுவினர் 2009இல் அவற்றுள் ஒன்றை நீக்கிப் பார்த்தனர். மூன்று வாரம் கருப்பையில் இருக்க வேண்டிய குட்டிகள், பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட நாள்களில் இறந்தன. நச்சுக்கொடியின் படலம் சரிவர அமையவில்லை.

இதில் என்னை மிகவும் வியக்க வைத்தது வேறு. மனிதனுக்கு வந்த வைரஸ் எலிக்கு வந்ததன்று. நாய், பூனை இனத்திற்கு வேறொன்று, முயலுக்கு வேறொன்று, அசைபோடும் விலங்குகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு மரபும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வைரஸிடமிருந்து அதே கருவியைப் பெற்றிருக்கிறது. 2017இல், குட்டி ஈனும் 'மபுயா' என்னும் அரணை இனத்தின் நச்சுக்கொடியிலும் அவ்வாறே ஒன்றைக் கண்டெடுத்தனர். அது பாலூட்டியே அன்று.