குடும்ப வன்முறை: இந்தியாவில் உதவி பெறும் வழிகள்

கணவர் அல்லது இணையரின் வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் இந்தியாவில் அரசு, தன்னார்வ அமைப்புகளின் உதவியை நாடும் முறை. இதற்கு அடிப்படையானது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி உதை மட்டுமன்றி, பாலியல் கொடுமை, வசைச்சொல், மிரட்டல், செலவுக்குப் பணம் தராமை ஆகியவையும் இதில் வன்முறையே. திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

அணுகுமுறை: உதவி நாடுவோரில் பெரும்பாலோர் முதலில் தாய்வீட்டாரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோதான் சொல்கிறார்கள். அவர்களும் இச்சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர்கள்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருப்பார். நடந்த நாள், இடம், வன்முறையின் வகை ஆகியவற்றை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையில் பதிவார். மருத்துவச் சான்றும் சீதனப் பொருள் பட்டியலும் இருந்தால் இணைக்கப்படும். பின்னர் பாதிக்கப்பட்ட பெண்ணின் மனு நீதித்துறை நடுவரிடம் செல்லும். பாதுகாப்பு, வசிப்பிடம், பண உதவி, குழந்தைகளின் பொறுப்பு குறித்து நடுவர் ஆணையிடலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பிற சேவைகள்: 181 மகளிர் உதவி எண், 2015இல் தொடங்கிய ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் (மருத்துவம், ஆலோசனை, தற்காலிகத் தங்கல்), அனைத்து மகளிர் காவல் நிலையங்கள். வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

தடைகள்: பொருளாதாரச் சார்பு, பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய கவலை, ‘அனுசரித்துப் போ’ என்னும் உறவினர் வற்புறுத்தல்.